புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள்

பாம்பு, தவளை தேடிக் குளிர்காலத்தில் கொடைக்கானல் மேல்மலைக்குக் குழு அழைத்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் காட்டோரமாக டார்ச் வெளிச்சம் போனதைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பீர்கள். கூச்சல் இல்லை, பாட்டு இல்லை, பாட்டில் உடையும் சத்தமும் இல்லை. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடிந்ததும் மேல் வரப்பை ஒட்டிய தரிசுக்குப் போனேன். அங்கே ஒரு கல்கூட அதன் இடத்தில் இல்லை. எண்ணிப் பார்த்தேன், 41 கற்கள். பாசி பிடித்த முகம் மண்ணில் குப்புறக் கிடந்தது. பல வருடமாக வெளிச்சமே படாத கறுத்த அடிப்புறம் மேலே தெரிந்தது, அதன்மேல் உறைபனி படிந்திருந்தது.

ஒரு குழியின் ஓரத்தில் கேடயவால் பாம்பு ஒன்று கிடந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். கூர்மூக்கை மண்ணில் ஊன்றியபடியே செத்திருந்தது. பனியில் இறுகிய மேல்மண்ணைத் துளைக்க அதனால் முடியவில்லை. இன்னொன்று ஒரு கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. உங்களில் யாரோ ஒருவருக்குக் கல்லைத் திருப்பி வைக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் அடியில் இருந்த உயிரை முதலில் அப்புறப்படுத்தத் தோன்றவில்லை.

இந்தப் பாம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குடும்பம் முழுவதும் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதில் ஒன்றுக்கு 1863இலேயே பெட்டோம் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எங்கள் பழனி மலையின் பெயரைச் சேர்த்துப் புல்னியென்சிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். விஷம் கிடையாது, மண்புழு தின்று மண்ணுக்குள்ளேயே கிடக்கும். விஷப் பாம்பு என்று நினைத்து எங்கள் ஆட்களும் மண்வெட்டியால் வெட்டியவர்கள்தான், மறைக்கவில்லை. என் அப்பாவும் வெட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மனசு ஆறாதது அதனால்தான்.

ஐப்பசி மழையில் நீங்கள் வந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் இருந்திருக்காது. அப்போது மண் நெகிழ்ந்திருக்கும், வெளியே வந்தது மறுபடி உள்ளே போய்விடும். கார்த்திகை பாதிக்குமேல் அப்படியில்லை. இந்த உயிர்களுக்கு உடம்புக்குள் சூடு கிடையாது, வெளியில் இருந்துதான் வரவேண்டும். பகலில் கல் வாங்கிய வெயில் ராத்திரியில் மெல்ல மெல்ல அடிமண்ணுக்கு இறங்குகிறது. கல்லும் மண்ணும் ஒட்டிய இடத்தில் காற்றுப் புகாது, ஈரம் போகாது. அதை நம்பித்தான் அவை அங்கே கிடக்கின்றன. குளிரில் ஓடவும் முடியாது. கையில் எடுத்தால் சும்மா கிடக்கிறதே, சாதுவாக இருக்கிறதே என்று போட்டோ எடுக்கிறீர்கள். அது சாதுத்தனம் இல்லை, விறைப்பு.

அன்று மதியம்வரை நானும் என் மகளும் கற்களைத் திருப்பி வைத்தோம். தூக்குவது கஷ்டமில்லை. எந்தக் கல் எந்தக் குழிக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரு கல்லை நான்கு குழியில் வைத்துப் பார்த்தோம். பொருந்தாத கல்லைச் சுற்றி இடுக்கு விழுகிறது, அதன் வழியே பனிக்காற்று இறங்குகிறது. 41இல் 26 கற்களைத்தான் சரியாக உட்கார வைக்க முடிந்தது. மீதி 15 இன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கல்லைப் புரட்டத் தெரிந்தவர்களுக்கு முறையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கமாகத் தூக்கினால் உள்ளே இருப்பது அந்தப் பக்கம் போகும். பாம்போ தவளையோ இருந்தால் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, கல்லை அதே குழியில் அதே பக்கமாக வைத்து, அதன் ஓரத்தில் உயிரை விட்டால் தானே நுழைந்துகொள்ளும். ஒரு கல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் இல்லையென்றால் அந்தக் கல்லைத் தொடாதீர்கள்.

கொடைக்கானல் காடு 2013இல் சரணாலயம் ஆனது. அதற்குள் இஷ்டத்துக்குப் போக முடியாது. அதனால்தான் எங்கள் வரப்பும் தரிசும் உங்களுக்கு வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தால் பாம்புக்குக் குளிராதா?

குறை உங்கள் மேல் மட்டும் இல்லை. தங்கும் விடுதிகளில் ராத்திரிக்கு ராத்திரி தீ மூட்டுகிறார்கள், அதற்கு ரோட்டோரம் விழுந்து கிடக்கும் மரத்துண்டுகளை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். மட்கிய கட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று எவரும் பார்ப்பதில்லை. 2006இல் அறிவியல் பெயர் பெற்ற எங்கள் ஊர்ப் புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே தவளையாகித்தான் வெளியே வருகிறது. குளத்துத் தண்ணீர் அதற்கு வேண்டாம், நிழலும் ஈரமும் வேண்டும். அதையும் குளிர்காயப் பிடுங்கிக்கொண்டால் அது எங்கே போகும்? கேட்டால், காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்கிறார்கள். நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், எங்களுக்கே அந்த உரிமை இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான். புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள். பனி விழும் மாதங்களில், தை முடியும்வரை, புரட்டவே வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் புதரில் ஓணான் தானாக வந்து உட்காரும், ரோட்டில் நின்றே பார்க்கலாம். ஐப்பசியில் வந்தால் தவளைச் சத்தத்தில் எங்களுக்கே தூக்கம் வராது. அப்போது வாருங்கள், வழி காட்ட நானே கூட வருகிறேன்.

மார்கழியில் இன்னொரு குழு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடம் இந்த மடலைக் காட்டுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் அந்த 15 கற்களுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். தயவுசெய்து அவற்றின் மேல் கால் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேல்மலைப் பூண்டு விவசாயி ஒருவன்