யாழினிக்கு ஊசி, உனக்குப் பரிசோதனை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாழினிக்குப் புதுப் பள்ளி பிடித்துவிட்டது என்று படித்ததில் நிம்மதி. இங்கே அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசி பற்றிக் கேட்டிருந்தாய். "பன்னிரண்டு வயசுக் குழந்தைக்கு இது எதுக்கு?" என்கிறாராம் உன் மாமியார். இந்த வயசில்தான் போட வேண்டும் செல்வி. எச்பிவி என்பது தாம்பத்திய உறவு வழியாகத் தொற்றும் வைரஸ். உடம்புக்குள் வந்த பிறகு ஊசியால் விரட்ட முடியாது. வெகு முன்பே போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். 15 வயது ஆகிவிட்டால் நம் டாக்டர்கள் மூன்று போடச் சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவேக் என்ற ஊசி அவை இரண்டையும் தடுக்கும், வெளிநாட்டு ஊசியைவிட விலையும் குறைவு. இலங்கையில் 2017 முதலே பள்ளிப் பெண்களுக்கு இந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். யாழினியின் குழந்தை டாக்டரிடமே கேள்.

சரி, உன் கடிதம் முழுக்க அவள்தான். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லையே? முப்பது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் புற்றுநோய்க்கு இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். நான் போன மாதம் செய்துகொண்டேன். மறைப்புக்குப் பின்னால் ஒரு கட்டில். நர்ஸ் அக்கா நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். சில்லென்று இருந்தது, வலியில்லை. திட்டு இருந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகிறது. நடுவில் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை எடுக்காமலே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஊசி போட்டுக்கொண்டாலும் யாழினியும் பிற்பாடு இந்தப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் வீட்டில் யாரையும் சந்தேகப்படாதே. என்றோ தொற்றியது வெளியே தெரியாமல் கிடந்திருக்கலாம், பலருக்குத் தானாகவே போயும்விடும். உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு நாள் இல்லாதபோதோ ரத்தம் பட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் மகப்பேறு டாக்டரைப் பார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய், சொல்வார்கள்.

மாதவிலக்கு முடிந்த பிறகு ஒரு நாள் பார்த்துச் சொல். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கலா