மாத்திரையில் கரைகிறதா மூளை ரத்தக்கட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டீராய்டு கொடுத்தால் முதியவர்களின் நாள்பட்ட மூளை ரத்தக்கட்டிக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய கேம்பிரிட்ஜ் ஆய்வு சொல்வதோ வேறு.

இந்த நோயில் தலை லேசாக இடித்த அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும். மூளையின் வெளியுறையான டியூராவுக்கு அடியில் தேங்கிய ரத்தத்தைச் சுற்றி அழற்சியால் ஒரு சவ்வு வளர்கிறது. அதன் மெல்லிய நாளங்கள் கசியக் கசியத் தேக்கம் பெருகுகிறது. அழற்சி என்றால் அதைத் தணிக்கும் ஸ்டீராய்டு கேட்கும் என்று பல காலமாகக் கொடுத்தும் வந்தார்கள். கணக்கு சரியாகத்தான் தோன்றியது.

கேம்பிரிட்ஜின் நரம்பு அறுவைப் பேராசிரியர் பீட்டர் ஹட்சின்சன் குழு அதை பிரிட்டனில் 748 பேரிடம் சோதித்து, 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு: முதல் மூன்று நாள் 8 மி.கி. இரு வேளை, பிறகு மூன்று நாளுக்கொரு முறை 6, 4, 2 எனக் குறைத்து இரண்டு வாரத்தில் நிறுத்தம். மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத போலி. இரு பிரிவிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆபரேஷனும் நடந்தது. ஆபரேஷனா, மாத்திரையா என்ற போட்டியே அங்கு இல்லை.

மறு ஆபரேஷன் 7.1 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைந்தது உண்மை. கட்டுரை இதோடு நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் போலி மருந்துப் பிரிவில் 90.3 சதவீதம், ஸ்டீராய்டு பிரிவில் 83.9 தான். சர்க்கரை ஏற்றம், தொற்று, மனக்குழப்பம் போன்ற தொல்லைகளும் ஸ்டீராய்டு பிரிவில்தான் அதிகம். ஸ்கேனில் கட்டி திரும்பவில்லை என்பதும் ஆள் தேறினார் என்பதும் ஒன்றல்ல. மறு ஆபரேஷனை மட்டும் எண்ணியிருந்தால் இந்த மருந்து ஜெயித்திருக்கும்!

உண்மையில் பலன் தந்தது ஒரு சாதாரண ரப்பர் குழாய் போன்ற சங்கதி. அதே கேம்பிரிட்ஜின் 2009 ஆய்வில், மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வடித்த பின் டியூராவுக்கு அடியில் மென்குழாய் வைத்தவர்களில் 108க்கு 10 பேருக்குத்தான் மறுபடி வடிக்க வேண்டியிருந்தது. வைக்காதவர்களில் 107க்கு 26. ஆறு மாத மரணமும் ஏறத்தாழ பாதி. வித்தியாசம் இவ்வளவு தெளிவானதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். குழாய் இருப்பது 48 மணி நேரம். உறிஞ்சும் விசை கிடையாது, தானாக வடிய வேண்டும். வடிவது சேரும் பை தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது குழாயை அடைக்காமல் பையைத் தூக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்தால், வடிந்தது திரும்ப உள்ளே ஏறும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த ஸ்கேன் படத்தில் இருப்பது லென்ஸ் வடிவ வெள்ளைத் திட்டு. அது டியூராவுக்கு வெளியே, பெரும்பாலும் எலும்பு முறிவோடு வரும் புது ரத்தக்கசிவு. சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக் கூடியது. நாள்பட்ட கட்டி பிறை வடிவில், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் தெரியும். திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்