சாமி கும்பிடாதவனுக்கும் அந்தக் கோயில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம், வசூலும் தொடங்கிவிட்டது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. 1929இலும் 1954இலும் பெரியார் மலாயாவுக்கு வந்துபோனதை வீட்டில் கதை கதையாகக் கேட்டு வளர்ந்தவன். "கோயில் பக்கமே வராத உனக்கு இதில் என்னப்பா பேச்சு?" என்று நிர்வாகத்தில் ஓர் அண்ணன் கேட்டார். பேச்சு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் பங்களா துரையுடையது, லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பால்மரமும் (ரப்பர்) கம்பெனியுடையது, கள்ளுக்கடைகூட அவர்கள் போட்டதுதான். நம் ஆட்கள் சம்பளத்தில் பிடிக்கவிட்டு, சொந்தக் காசில் தங்களுக்கென்று எழுப்பியது அந்தக் கோயில் ஒன்றுதான். மண்டபத்து மரத்தூணில் 'மூன்றாம் லயத்தார் உபயம்' என்று வெட்டியிருக்கிறது, தனி ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, லயங்களை இடித்து, சனமெல்லாம் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்ட பிறகு அவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு வேறு என்ன மிச்சம்?

முகப்பிலுள்ள முனியாண்டியின் சுதைக் குதிரையைப் பாருங்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு எனாமல் பெயிண்ட் பூசிப் பூசிக் கண் எது மூக்கு எது என்று தெரியாமல் மொத்தையாகிவிட்டது. வயிற்றில் பெயர்ந்த இடத்தில் நீலத்துக்குள் பச்சை, பச்சைக்குள் காவி, அதற்கும் உள்ளே வெறும் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். மேலே எனாமலோ சிமெண்டோ பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து உதிரும். நாமே பூசிக் கெடுத்துவிட்டு, உதிர்வதைக் காட்டி "பழசு, இனித் தாங்காது" என்கிறோம்.

மலாக்காவில் 1781இல் டச்சுக்காரர் காலத்துச் செட்டிகள் (மலாக்காவிலேயே வேரூன்றிவிட்ட தமிழ் வணிகர் வழியினர்) கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் வானத்தை முட்டும் கோபுரம் எதுவும் இல்லாமல் அடக்கமாக இன்றும் நிற்கிறது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல்: அடுக்குக் கூரை, பகோடா மாதிரி மினாரா, உள்ளே ஐரோப்பிய பாணித் தூண்கள். கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றிலும் நுழைந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன் (பள்ளிவாசலுக்கு அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள்). நீ நம்புகிறவனா என்று யாரும் கேட்டதில்லை.

கூரை ஒழுகுகிறது, சரி, மாற்றட்டும். ஒயரிங்கும் ஆபத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் தூண்களையும் குதிரையையும் விட்டுவையுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளை அழைத்து ஒருமுறை காட்டுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். அப்படிச் செய்வதானால் என் பங்குக்கு நானும் நிதி தருகிறேன். அர்ச்சனைச் சீட்டு வேண்டாம், ரசீது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோல சிலாங்கூர்