வட்டமாக உட்கார இடம் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் சாதிப் பகையைப் பேசித் தணிக்கும் வேலைக்கு இந்தக் கல்வியாண்டில் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. செய்த காரியத்தைச் சொன்னாலே உங்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அடுத்த பள்ளிக்காரர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி தலைமையாசிரியை அவர்களுக்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படித்த மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிநாயகம் கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அகரவரிசையில் உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்ப்பது என்று அதில் பள்ளி அளவிலேயே செய்யக்கூடியவை பல உண்டு. மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று தலைமையாசிரியை காத்திருக்கவில்லை. உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் ஒரு பிரிவை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் அன்றே நின்றது; ஒவ்வொருவராகத் தம் அறைக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கினார். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்ற பிள்ளையின் சாதியை வகுப்பு அதற்குப் பிறகு மறப்பதில்லை.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு விஷயத்திலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. காலை வழிபாட்டில் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினால், மறுநாள் இரண்டு கயிறு கட்டிக்கொண்டு வருவான். அதனால் அம்மாக்களை அழைத்துப் பேசினார். திருச்செந்தூரில் கட்டியது எது, தெருப் பையன்கள் சேர்ந்து வாங்கியது எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவிழ்த்ததும் அவர்கள்தான். அந்த அம்மாக்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல் மூண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் வகுத்த முறை அது. நம் ஆசிரியர் எடுத்தது தாமிரபரணி. பொதிகை, பாபநாசம் அணை, கால்வாய்கள், ஆதிச்சநல்லூர், புன்னைக்காயல் என ஐந்து துண்டுத்தாள். நாற்பது பேரும் ஒன்றிலிருந்து எட்டு வரை திரும்பத் திரும்ப எண்ணினால் எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒரு தாள்தான். ஒரே தாள் கிடைத்தவர்கள் தனியே கூடிப் படித்துவிட்டுத் தம் குழுவுக்குத் திரும்பிப் பாடம் சொல்ல வேண்டும். பிடிக்காத பையன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டால்தான் தேர்வு எழுத முடியும்.

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. ‘நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்’ என்றால் தெரு வாரியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரே தாளுக்கு எட்டுப் பேர் கூடினால் மூவர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு நான்காக உடைக்க வேண்டும். ஒருவன் வராவிட்டால் ஒரு துண்டு பாடமே போய்விடும் என்பதால் ஒவ்வொரு தாளிலும் உபரிப் பிரதி வேண்டும். ஒரு பாடத்தோடு நிறுத்தினால் பலனில்லை, வாரம் ஒன்றாவது நடக்க வேண்டும்.

பி.டி. சார், கபடிக்குச் சீட்டுக் குலுக்கி ஏழு ஏழு பேராகப் பிரித்ததற்கு நன்றி. தெரு அணி என்ற பேச்சே அதோடு அடங்கியது.

இனி, அடிதடிக்குப் பிறகு நடந்த வட்டங்கள்: அடித்தவன், அடிபட்டவன், பெரியவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுவது. பலரும் நினைப்பதுபோல இது சமாதானக் கூட்டம் அல்ல. போலீசில் வழக்கு இருந்தால் அது தன் வழியில் போகும். புகாரை வாபஸ் வாங்க வைக்கும் இடமாக வட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிக் கேட்டு வந்தவர்களிடம் முடியாது என்று சொன்ன வழக்கறிஞருக்கு நன்றி.

பாதி வேலை வட்டம் கூடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அடிபட்ட பிள்ளையையும் வீட்டாரையும் முதலில் தனியே பார்க்க வேண்டும். வர விருப்பமில்லை என்றால் அதோடு சரி. அடித்தவன் ‘ஆமாம், நான்தான் செய்தேன்’ என்று ஒத்துக்கொள்ளும் வரை இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கவே கூடாது, அது இரண்டாவது அடி. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், நடுவில் மேசை வேண்டாம், எல்லாம் ஒரே உயர நாற்காலி. கையில் பந்து வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், இப்போது என்ன நினைக்கிறாய், யாருக்கெல்லாம் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்: கேள்விகள் இவ்வளவுதான். ‘ஏன் செய்தாய்?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் பெரிய உதவி. ‘எல்லாரும் அண்ணன் தம்பியப்பா’ என்று ஒருவர் தொடங்கினால், அடிபட்டவன் தலையைக் குனிந்துகொள்வான். அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வராது. காலில் விழச் சொல்வது, கைகுலுக்கவைத்துப் போட்டோ எடுப்பது எல்லாம் பெரியவர்களின் நிம்மதிக்குத்தான். அண்ணாச்சி ஒருவர் பந்து தன் கைக்கு வந்தபோது ‘நான் கேட்கத்தான் வந்தேன்’ என்று அடுத்தவருக்குத் தள்ளினார். நன்றி, அண்ணாச்சி.

மன்னிக்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன தம்பிக்கும் நன்றி. மன்னிப்பு கேட்பது அடித்தவன் கடமை, கொடுப்பதும் கொடுக்காததும் இவன் இஷ்டம். அன்று அவனை யாராவது வற்புறுத்தியிருந்தால் அதன் பிறகு ஒரு பிள்ளையும் எங்களை நம்பியிருக்காது. மன்னிக்காமலேயே ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தான்: பேருந்தில் பின்சீட்டை யாரும் யாருக்கும் பிடித்து வைப்பதில்லை, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒற்றுமையாக இருப்போம்’ என்று எழுதி வாங்கினால் அதை எப்படிச் சரிபார்ப்பது? பின்சீட்டை நடத்துநரே பார்த்துச் சொல்லிவிடுவார், சொன்னார். இரண்டு வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் மறுபடி கூட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒப்பந்தம் வெறும் தாள்.

டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி டம்ளரில்தான் கொடுத்தார். இந்த வட்டாரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அடுத்த வட்டங்களுக்கு ஆள் வேண்டும். கேள்வித்தாளும் துண்டுத்தாள் மாதிரிகளும் தலைமையாசிரியை அறையில் இருக்கின்றன, நகல் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர்களும் தாராளமாக வரலாம். மைக் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
வட்டம் நடத்தும் குழுவினர்