ஞாயிறு காலை எட்டு மணிக்கு

கொழும்பு 6,
வெள்ளவத்தை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரேடியோ என்று வாயைத் திறந்ததுமே "சரி சரி, சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று போனைக் கைமாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது. அதோடு உங்களுக்கு இதில் ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. துறைமுகத்தில் நம்மூரிலிருந்து வரும் கன்டெய்னர்கள் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறிப் போகின்றன. தூத்துக்குடி என்று அச்சடித்த காகிதம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது என் கையில் வரும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் பாணும் சம்பலும், இல்லாவிட்டால் இடியாப்பமும் சொதியும். இங்கே யாரும் பேசுவதில்லை, எல்லாரும் கதைக்கிறார்கள். வந்த புதிதில் மேலாளர் "பின்னேரம் கதைப்பம்" என்றார். ஏதோ நீளமான கதை இருக்கிறது போல என்று நானும் காத்திருந்தேன்.

சரி, ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக் கேட்கும் ரேடியோ இல்லை, அனுமதி வாங்கி நாமே செட் வைத்து உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ.

வந்த மூன்றாம் மாதம், மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு மேலே பக்கத்துக்குப் பத்து மீட்டராகக் கம்பி கட்டினேன். கேட்க மட்டும்தான். இந்தியாவில் நான் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு இங்கே மைக்கைத் தொட முடியாது. இங்குள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தனியாக அனுமதி தர வேண்டும். மனு போட்டிருக்கிறேன்.

கம்பியைப் பார்த்த வீட்டுக்கார அம்மாவுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லையாம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்று பழகியவர். "எங்களுக்கு ஏன் தம்பி இந்த வில்லங்கம்?" என்றார். குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் அவிழ்க்க மேலே போனேன்.

முதல் முடிச்சு அவிழவில்லை, உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒழுங்கையில் (சந்து என்பதைத்தான் இங்கே ஒழுங்கை என்பார்கள்) குடையோடு போன ஒரு பெரியவர் நின்று அண்ணாந்து பார்த்தார். "தம்பி, நாற்பது மீட்டர் டைபோல்தானே அது?" என்றார். டைபோல் என்றால் இரு பக்கமும் இழுத்துக் கட்டும் அன்டெனா. நாற்பது மீட்டர் என்பது கம்பியின் நீளம் இல்லை, அது பிடிக்கும் அலையின் நீளம். அந்நிய ஊரில் நம் கோத்திரம் கேட்டு ஒருவர் விசாரிப்பதுபோல இருந்தது. அவரே உள்ளே வந்து வீட்டுக்கார அம்மாவிடம், "அக்கா, இது கேக்கிற கம்பி. உங்கட டீவி அன்டெனா மாதிரித்தான்" என்று யாழ்ப்பாணத் தமிழில் அரைமணி நேரம் கதைத்தார். கம்பி தப்பித்தது.

அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நாங்கள் அங்கிள் என்போம். எங்கள் கழகம் கூடுவது அவர் வீட்டு மாடியில்தான். கழகம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், நாங்கள் ஏழெட்டுப் பேர். ஞாயிறு காலையில் கூடுவோம். இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்று பொது விடுமுறை, அன்றைக்கும் கூடுவோம். அந்தக் காலத்துத் தந்தி ஆபீஸ்காரர் ஒருவர் இருக்கிறார், சிங்களவர். புறக்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நானா ஒருவர். அண்ணாச்சி என்று நாம் சொல்வதுபோல, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். மருத்துவம் படிக்கும் ஒரு பெண்ணும் உண்டு. பேச்சு சிங்களத்தில் தொடங்கி, சர்க்கியூட் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவி, மாலு பாண் தட்டு வந்ததும் தமிழில் முடியும். மாலு பாண் என்பது உள்ளே மீன் வைத்த பன். அதற்காகவே வருகிற ஆளும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். அங்கிள் ஜப்பான்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, கீழே சாமி அறையிலிருந்து அங்கிளின் மனைவி (நாங்கள் அன்ரி என்போம்) கத்திக்கொண்டே படியேறி வந்தார். "ஓம் நமசிவாய" சொல்லிக்கொண்டே இருக்குமே, சின்ன பிளாஸ்டிக் பெட்டி, அது திடீரென்று வாத்துபோலக் கத்துகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தோம். இவர் மேலே மைக்கில் பேசும்போதெல்லாம் சிவபெருமானுக்கு முன்னால் "குவாக் குவாக்". அங்கிளின் அலை அந்தப் பெட்டியின் வயருக்குள் நுழைந்துவிட்டது. நாங்கள் பேசும் முறையில் குரல் பாதி உரித்துத்தான் வானில் போகும். அதற்கென்று செய்த ரிசீவரில் கேட்டால்தான் மனுஷக் குரல், மற்றதில் வாத்துதான். நானா பையிலிருந்து, அலை வயருக்குள் ஏறாமல் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை எடுத்து, வயரை அதில் நாலு சுற்று சுற்றினார். ஓம் நமசிவாய திரும்ப வந்தது. அன்ரி மட்டும் அன்று எங்களுக்கு வடை தரவில்லை.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் வண்டி நம்பர்போல ஓர் அழைப்புக்குறி உண்டு. இலங்கையின் அழைப்புக்குறி 4எஸ்7 என்று தொடங்கும். நம்முடையது விக்டர் யூனிஃபார்ம், அதாவது வியூ. உலகத்தில் வியூ ஏராளம், 4எஸ்7 கொஞ்சம்தான். அதனால் சாயங்காலம் 14 மெகாஹெர்ட்ஸில் அங்கிள் ஒரே ஒரு தடவை "சீக்யூ" (யாராவது பேச வாருங்கள் என்று அர்த்தம்) என்று கூப்பிட்டால் போதும், இத்தாலி, ரஷ்யா, போலந்து எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழும். நம் மீன்பிடித் துறைமுகத்தில் சீலா மீன் கூடை இறங்கியதும் ஏலக்காரரைச் சுற்றிக் கத்துவார்களே, அப்படியே அதுதான். அந்தக் கூச்சலிலிருந்து ஒருவருடைய அழைப்புக்குறியில் இரண்டே எழுத்தைப் பிடித்து "நீ மட்டும் பேசு" என்று நிறுத்த வேண்டும். தந்தி ஆபீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டரோடு 15 விநாடிக்கு ஒரு தரம் பேச வைக்கும் எஃப்டி8 என்று ஒன்று வந்திருக்கிறது. மருத்துவப் பெண் அதில் கெட்டி. காதுக்குக் கேட்காத சன்னமான சிக்னலையும் அது பிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் குரலும் இல்லை, மோர்ஸ் தந்தித் தட்டலும் இல்லை, திரையில் வரி மட்டும் ஓடுகிறது. இதை வைத்து எங்களுக்குள் வாராவாரம் சண்டை. நான் தந்தி ஆபீஸ்காரர் கட்சி.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் மர்ஃபி ரேடியோவின் காதைத் திருகித் திருகி இலங்கை வானொலி கேட்பீர்களே, மயில்வாகனம், அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா என்று குரலை வைத்தே ஆளைச் சொல்வீர்களே, அந்த நிலையத்தின் ஆரம்பமே எங்களைப் போன்ற ஆட்கள்தான். 1920-களில் இங்கே தந்தித் துறைக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளர், ஊரில் இருந்த ரேடியோ பைத்தியங்களைச் சேர்த்து ஒரு வயர்லெஸ் கழகம் தொடங்கினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ பாகங்களைக் கொண்டு டிரான்ஸ்மிட்டர் செய்து, தந்தி அலுவலகத்தின் சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பிப் பார்த்தார்கள். 1925 டிசம்பரில் அது முறையான நிலையமாயிற்று. பிபிசி தொடங்கி மூன்றே வருஷம். போன போயா அன்று சுதந்திர சதுக்கத்துப் பக்கம் இருக்கும் வானொலிக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன், உங்களுக்காக.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். 2004 சுனாமியில் தெற்கே போன் எல்லாம் செத்துப்போனபோது, இங்குள்ள ரேடியோ சொசைட்டிக்காரர்கள் செட்டையும் கார் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு ஹம்பாந்தோட்டைக்குப் போனார்கள். கொழும்பில் பிரதமர் இல்லத்திலேயே மறுமுனையை வைத்து, என்ன தேவை, எங்கே தேவை என்று கேட்டுக் கேட்டுச் சொன்னார்கள். அதே காலையில் அந்தமானில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் போர்ட் பிளேரில் செட் வைத்திருந்தார்கள். உலகத்தோடு பேசி, பேசியதற்கு அத்தாட்சிக் கார்டு சேர்க்க வந்த இடத்தில், தீவுக்கும் கரைக்கும் தகவல் சொல்லும் ஆட்களானார்கள்.

விளையாட்டும் உண்டு. விகாரமகாதேவி பூங்காவில் நரி வேட்டை நடத்தினோம். ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்கேயாவது ஒளித்துவைப்போம், அது விட்டுவிட்டுக் கூவும். மற்றவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இரும்பு அளவு நாடாவை வெட்டி ஒட்டிச் செய்த அன்டெனாவோடு நான் அரைமணி நேரம் ஒரு பெரிய மரத்தையே சுற்றி வந்தேன். நரி கடலை வண்டிக்காரரின் பெட்டிக்குள் இருந்தது. நான் அவரிடம் இரண்டு தடவை கடலை வாங்கித் தின்றிருக்கிறேன். கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி. அன்டெனாவே இல்லை, கைச்செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினாள். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் குறைகிறதோ அதற்கு நேர் முதுகுப் பக்கம் நரி.

நான் இப்போது மோர்ஸ் பழகும் விசை பித்தளை. கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. வைத்திருந்தவர் போய்விட்டார். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் "சைலண்ட் கீ" என்போம், விசை ஓய்ந்தது என்று. அவர் மனைவி சாமான்களைக் கழகத்திடம் ஒப்படைத்தார். ஒரு ஞாயிறு முழுக்க நாங்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்து, துடைத்து, விலை எழுதி விற்று, பணத்தை அவர் கையில் கொடுத்தோம். விசைக்கு மட்டும் விலை எழுத யாருக்கும் கை வரவில்லை. "இவனிடம் இருக்கட்டும், இவன்தான் தப்பும் தவறுமாகத் தட்டுகிறான்" என்றார் தந்தி ஆபீஸ்காரர்.

இனி உங்கள் வேலை.

14 மெகாஹெர்ட்ஸில் இத்தாலி பக்கத்து வீடு மாதிரிக் கேட்கிறது, முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தூத்துக்குடி கேட்பதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அங்கிள் தோட்டத்துக் குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார். சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் தூரப் போய் விழுகிறது, நடுவில் உள்ள செடி நனைவதில்லை. நேரே மேலே பிடித்தால் சுற்றிலும் விழுகிறது. அலையும் அப்படித்தானாம். உயரத்தில் கட்டிய அன்டெனா தூரத்துக்கு. பக்கத்து ஊரோடு பேச வேண்டுமென்றால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, கம்பியையும் இறக்க வேண்டும். போன வாரம் அவர் வீட்டு மாடியில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு கம்பி கட்டினோம். மறுநாள் காலையில் நம் ஆட்கள் தமிழில் பேசிக்கொள்வது சுத்தமாகக் கேட்டது. அதில் ஒரு குரல், எனக்கு ரேடியோ பழக்கிவிட்ட நம் அண்ணாச்சி.

அண்ணாச்சி என்றதும் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். நான் மூன்றாம் செமஸ்டரில் அரியர் வைத்தது அவரால் இல்லை, என்னால். நீங்கள் அவர் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். அதற்கும் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, இங்கும் அங்கும் ஒரே மணிதான், அங்கிள் அவரைக் கூப்பிடுவார். நான் பேச முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். அங்கிள் பேசுவது நீங்கள் ரேடியோவில் கேட்டுப் பழகின இலங்கைத் தமிழ்தான். எந்த நேரத்தில் கேட்டது, எவ்வளவு தெளிவு, இரைச்சல் உண்டா என்று ஒரு தாளில் குறித்து அனுப்பினால், கேட்டவருக்கு இங்கிருந்து அத்தாட்சிக் கார்டு வரும், உங்கள் பெயர் எழுதி. முன்பு ஒரு தடவை நேயர் பட்டியலில் உங்கள் பெயரை வாசித்தார்கள் என்று சாயங்காலம் வரை தெருவில் நடந்துகொண்டிருந்தீர்களாமே, அம்மா சொல்லியிருக்கிறாள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "வரட்டும் வரட்டும், கதவு தொறந்துதான் கிடக்கு" என்றார்.

அன்புடன்,
உங்கள் மகன்.

பின்குறிப்பு அம்மாவுக்கு: அலுவலக நண்பர் கையில் தேயிலை இரண்டு பாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்று நமக்கு, இன்னொன்று அண்ணாச்சி வீட்டுக்கு. நீ கொண்டுபோக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையை மாட்டும்போது கையில் கொடுத்துவிடு.