மணமகள் தேவை, பாஷை பேசத் தெரிந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் பத்திரிகையில் நான் முதலில் புரட்டுவது மணமக்கள் தேவை பக்கத்தைத்தான். கல்யாண வயதில் ஒரு பெண் குடும்பத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடுகிறது. "இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்ற, பி.இ. படித்த" என்று அதில் கிறிஸ்தவ விளம்பரங்கள் வரும். மற்ற மதத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அபிஷேகம் பெற்ற என்றால் பரிசுத்த ஆவியின் நிறைவு பெற்று அந்நியபாஷையில், அதாவது தான் கற்றுக்கொள்ளாத ஒரு பாஷையில், ஜெபத்தில் பேசுகிறவர் என்று பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் அர்த்தம் கொள்வார்கள். இதைப் பற்றித்தான் இரண்டு வாரமாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சண்டை நடக்கிறது. ஒருவர் ஆவியானவர் கொடுக்கும் அந்த வரங்களெல்லாம் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்துவிட்டன, இப்போது நடப்பது வேஷம் என்கிறார். இன்னொருவர் பாஷை பேசாதவனுக்கு ஆவியே இல்லை என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் அக்கா மகளுக்குத் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பெந்தெகொஸ்தே சபை. மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசிவிட்டுக் கடைசியில், "பொண்ணு பாஷை பேசுமா?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு விஷயம் புரியவில்லை. "தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் நல்லா பேசும், இந்தியும் கொஞ்சம் வரும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்! நாங்கள் 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பித்த சபையில் நாலு தலைமுறையாக இருப்பவர்கள், இன்று அது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் கொடுத்த மிஷன்தான், இந்தப் பாஷையை மட்டும் அவர்கள் கொண்டு வரவில்லை.

அப்புறம் அந்த அம்மா விளக்கிச் சொல்ல, பெண்ணை, அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கிற மூன்று நாள் காத்திருப்புக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒருவர் இவள் தலையில் கை வைத்து, "அல்லேலூயா, அல்லேலூயான்னு வேகமா சொல்லிக்கிட்டே இரு, நாக்கை அவர்கிட்ட விட்டுக் கொடுத்துடு" என்றிருக்கிறார். முதல் நாளும் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், உனக்குள் ஏதோ பாவம் தடையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நேராக என் வீட்டுக்கு வந்து அழுதாள். "சித்தி, பக்கத்துல இருந்த பொண்ணு சும்மா வாயில வந்ததைச் சொன்னேன், விட்டுட்டாங்கன்னு சொன்னா. நானும் அப்படிச் செஞ்சிருக்கலாமோ?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவள் நான், என்னிடமே பதில் இல்லை.

சரி, எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்கலாம் என்று போனால் அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம், ஒன்று கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம்: "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்." முடிந்தது கதை என்றார்கள். தமிழ் வாத்தியார் என்பதால் நான் சும்மா விடவில்லை. அதே வசனத்தில் தீர்க்கதரிசனமும் அறிவும் "ஒழிந்துபோம்", பாஷைகள் மட்டும் "ஓய்ந்துபோம்". கிரேக்க மூலத்திலும் அங்கே இரண்டு வேறு வினைச்சொற்கள்தான், நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, பாஷைகள் மழை ஓய்கிற மாதிரி முன்னாலேயே தானாக ஓய்ந்துவிடும், மற்ற இரண்டையும் ஒன்று வந்து ஒழிக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ரசமான வாதம்தான். ஆனால் எப்போது ஓயும் என்று அந்தச் சொல்லில் இல்லையே. காலம் சொல்லுவது 10-ஆம் வசனம், "நிறைவானது வரும்போது". அந்த நிறைவு வேதபுத்தகம் எழுதி முடிந்ததுதான் என்று இவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளிப் பவுலே "அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்கிறார். புத்தகத்தை யாரும் முகமுகமாய்ப் பார்ப்பதில்லை. அது கர்த்தர் திரும்பி வரும் நாள் என்று படிப்பதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. அதோடு, பாஷை ஓய்ந்துவிட்டது என்றால் கூடவே அறிவும் ஒழிந்திருக்க வேண்டுமே? (சில சபைக் கமிட்டித் தேர்தல்களைப் பார்த்தால் அது நிறைவேறிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.)

ஓய்ந்துவிட்டது என்கிற பக்கத்தில் இதைவிட பலமான வாதம் வேறொன்று இருக்கிறது, அதை நம் ஊரில் அதிகம் பேர் எடுப்பதில்லை. பிரின்ஸ்டனில் இறையியல் பேராசிரியராக இருந்த வார்ஃபீல்டு 1918-இல் எழுதியது அது. அற்புத வரங்கள் அப்போஸ்தலர்களுக்குக் கடவுள் கொடுத்த அத்தாட்சிக் கடிதம் மாதிரி, அவர்களும் அவர்கள் கை வைத்ததால் வரம் பெற்றவர்களும் போனபின் கடிதத்துக்கு வேலையில்லை என்பது அதன் சாரம். நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறிசோஸ்தோம் என்ற புகழ்பெற்ற பிரசங்கியார் இந்தக் கொரிந்தியர் பகுதிக்குப் பிரசங்கம் செய்யும்போது, இவையெல்லாம் அன்று நடந்து இப்போது நின்றுவிட்டதால் நமக்கு விளங்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். ஆதிச் சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வயதான பிறகு தன் ஊர்ப் பக்கத்தில் நடந்த சுகமளிக்கும் அற்புதங்களை வரிசையாக எழுதி வைத்தார். பாஷையைப் பற்றி அவர் கருத்து மாறவில்லை, அற்புதங்களைப் பற்றி மாறியது. அந்த அளவுக்கு ஒரு மனிதர் தன்னையே திருத்திக்கொண்டால் எனக்கு மரியாதை வருகிறது.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று விடவும் முடியாது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்று ஒரு தமிழ் ஊழியர் இருந்தார். ரேனியஸ் என்ற மிஷனரியிடம் படித்தவர், பிரதரன் சபைகளின் முன்னோடிகளில் ஒருவரான குரோவ்ஸ் வழியில் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தில் ஊழியம் செய்தவர். 1860-இல் அவருடைய மக்களிடையே எழுப்புதல், அதாவது பெரிய பக்தி எழுச்சி, வந்தபோது அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தன என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் வெடித்தது 1906-இல், அதாவது அதற்கு நாற்பத்தாறு வருஷம் கழித்து! இது அமெரிக்காவிலிருந்து வந்த வியாதி என்று எழுதிய வாசகர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அருளப்பனைத் தங்கள் முன்னோர் என்று கொண்டாடும் பிரதரன் சபைகளில் பலவற்றில் இன்று வரங்கள் ஓய்ந்துவிட்டன என்றுதான் போதிக்கிறார்கள்.

ஆக, ஓய்ந்துவிட்டது என்று வேதத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. பெந்தெகொஸ்தே நண்பர்கள் கை தட்ட வேண்டாம், இனிமேல்தான் உங்களிடம் வருகிறேன்.

"எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று அதே கொரிந்தியர் கடிதம் 12-ஆம் அதிகாரம் 30-ஆம் வசனத்தில் பவுல் கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அது வரத்தைப் பற்றியது, அபிஷேகத்தின் முதல் அடையாளமாக வரும் பாஷை வேறு, அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தைப் பாருங்கள் என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். பார்த்தேன். 2, 10, 19 அதிகாரங்களில் பேசினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவி முதன்முதலில் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளிலேயே சபையில் சேர்ந்த ஏறக்குறைய மூவாயிரம் பேர் பாஷை பேசியதாக ஒரு வரி இல்லை. சமாரியாவில் ஆவியைப் பெற்றவர்களைப் பற்றியும் அப்படி எழுதப்படவில்லை. அசூசா தெருவில் முன்னே நின்ற வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன், அவரே பின்னாளில் பாஷைதான் அபிஷேகத்துக்கு அடையாளம் என்ற போதனையிலிருந்து விலகிவிட்டார். பாஷை பேசிய வாயே கறுப்பர்களை இழிவாகவும் பேசியதை அவர் பார்த்திருந்தார். இது உங்கள் வீட்டுச் சரித்திரம், எங்களுடையது அல்ல. அதே அசூசாவிலிருந்து கார் என்கிற தம்பதி கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்கள், தங்களுக்கு வந்தது வங்காள மொழி என்று நம்பி. இறங்கிப் பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பி ஓடவில்லை, தங்கி ஊழியம் செய்தார்கள், பிறகு ஹாங்காங் போய்ச் சீன மொழியை உட்கார்ந்து படித்தார்கள். அந்தத் தம்பதியை எனக்குப் பிடிக்கிறது.

இன்னொன்று, இது இரண்டு பக்கத்துக்கும். கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் கணக்கு வைத்துச் சொல்கிறார்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசக்கூடாது. நான் போன கூட்டங்களில் மைக்கில் ஒருவரும் பந்தலில் முன்னூறு பேருமாக ஒரே நேரத்தில் பேசினார்கள், அர்த்தம் சொல்ல ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில் "அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்கும் தடைபண்ணாதிருங்கள்" என்றும் இருக்கிறது, அதை எங்கள் சபைகளில் யாரும் வாசிப்பதில்லை. என் பழைய சக ஆசிரியை ஒருவர், கத்தோலிக்கர், விடியற்காலையில் தனியாக ஜெபிக்கும்போது தனக்குப் பாஷை வரும் என்று ஒரே ஒரு முறை, அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். யாரிடமும் காட்டியதில்லை, யாரையும் கேட்டதும் இல்லை. அதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் விளம்பரப் பகுதியில் அந்த வரியைப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, காசு கொடுப்பவர்கள் கேட்பதைப் போடுகிறீர்கள். திருமங்கலத்து வரன் இன்னும் கைவிட்டுப் போகவில்லை, பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை அவர்கள் வீட்டார் வருகிறார்கள், என்னையும் பேச்சுக்கு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். கேசரிக்கு ரவை வாங்கியாயிற்று. 12-ஆம் அதிகாரத்தில் ஒரு நூலை வைத்து பைபிளையும் டீப்பாய் மேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பசுமலை, மதுரை.