மைக்கை உங்களிடம் ஒப்படைக்கும்போது

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை, கனடாவின் யூகான் பகுதியில் உள்ள வொயிட்ஹார்ஸில் கடைசிப் பயணியும் இறங்கிப் போன பிறகு, சுற்றுலாப் பேருந்தின் முன்னிருக்கை ஓரத்தில் வழிகாட்டி பேசுவதற்காக இருக்கும் மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த கோடையில் அது உங்கள் கைக்கு வருகிறது. தேதிகளும் தூரங்களும் உங்களுக்குக் கிடைக்கும் அச்சுக் குறிப்பிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒன்றை, நான் இந்தக் கடைசிப் பயணத்தில்தான் சரியாகச் சொன்னேன் என்பதால், நினைவு மங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

வொயிட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டிக்கு ஏறக்குறைய 530 கி.மீ. ஐந்து விரல் நீர்விரைவு வரைக்கும் எல்லோரும் ஜன்னலோரம் விழித்திருப்பார்கள், பெல்லி கிராஸிங் தாண்டினால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

தங்கத்தின் கதையை அவர்கள் பாதி தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். 1896 ஆகஸ்டில் டாசனுக்கு அருகே உள்ள பொனான்சா ஓடையில் தங்கம் அகப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் அந்தத் தங்கத்தைச் சுமந்த கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்ததும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வடக்கு நோக்கிக் கிளம்பினார்கள். ஓராண்டுக்கான உணவில்லாமல் எல்லைக்குள் விடமாட்டோம் என்று கனடாக் காவல் படை நின்றதால், ஒருவருக்கு ஒரு டன் அளவுக்குச் சாமான் சேர்ந்தது. அதை எல்லையிலுள்ள சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் முதுகிலேற்றி, ஒரே ஏற்றத்தைப் பத்து இருபது முறையல்ல, அதற்கும் மேலாக ஏறி இறங்கிக் கடந்தவர்கள் அவர்கள். முப்பது நாற்பதாயிரம் பேர் 1898இல் டாசனை அடைந்தபோது, நல்ல ஓடைகளிலெல்லாம் முளையடித்துத் தோண்டும் உரிமை கோர இடமே மிச்சமில்லை. இந்த இடத்தில் பேருந்து எப்போதும் சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருபோதும் பிடித்ததில்லை.

பொனான்சா சாலையில் நான்காம் எண் தூர்வாரியைக் காட்டும்போது மட்டும் நீங்கள் நேரம் பார்க்க வேண்டாம். 1912இல் கட்டப்பட்ட அந்த மரக்கலம், தான் தோண்டிய குட்டையிலேயே தான் மிதந்து, முன்பக்கம் வாளிகளால் மண்ணை அள்ளி, தங்கத்தைப் பிரித்துவிட்டுப் பின்பக்கம் கூழாங்கற்களைக் கொட்டிக்கொண்டே 1959 வரை நகர்ந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் வளைவு வளைவாகக் கிடக்கும் கற்குவியல்கள் அதன் தடம். முளையடித்த தனி மனிதர்களின் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது என்பதையும், பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே அள்ளியது முதலீடும் இயந்திரமும்தான் என்பதையும், அந்தக் கற்களைக் காட்டிச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் முதல் சில கோடைகளில் இந்த நிலத்தை ‘ஆளரவமற்ற வனாந்தரம்’ என்று மைக்கில் நானே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இந்தத் தங்கப் பகுதிக்கு வழங்கும் க்ளோண்டைக் என்ற பெயரே, இங்குள்ள பூர்வகுடிகளின் ட்ரொண்டெக் என்ற சொல்லைத் தங்கம் தேடி வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்ததால் உண்டானது. சால்மன் மீனை மறிக்க ஆற்றில் கழிகளை அறைந்து நட்ட சுத்தியல் கல்லைக் குறிக்கும் சொல் அது. க்ளோண்டைக் ஆறு யூகான் ஆற்றில் கலக்கும் இடத்தில் மீன்பிடித்துவந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்ற அந்தப் பூர்வகுடி மக்கள், வந்தேறிகளின் நெரிசலில் 1897இல் தலைவர் ஐசக்குடன் ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள மூஸ்ஹைடுக்குப் பெயர்ந்தார்கள். தங்கள் பாடல்களும் ஆட்டங்களும் அழிந்துபோகுமோ என்று அஞ்சிய ஐசக், அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் கொடுத்துவைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவை திரும்பி வந்தன.

மூஸ்ஹைடுக்குச் சாலை கிடையாது. படகிலோ காலடிப் பாதையிலோதான் போக முடியும். பேருந்து போகாத ஊர் என்பதாலேயே எங்கள் பேச்சிலும் அது வராமல் போயிற்று. இந்தக் கடைசிப் பயணத்தில், டாசனுக்குள் நுழையும் முன் க்ளோண்டைக் பாலத்தருகே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதற்கு முன் பாடல்களின் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு தூர்வாரிக்குப் போனபோது, இந்தக் கற்களுக்கு அடியில் மீன் ஓடிய தண்ணீர் எங்கே போயிற்று என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இத்தனை கோடைகளில் எவரும் அதைக் கேட்டதில்லை. நீங்களும் முதலில் பாடல்கள், பிறகு தங்கம் என்ற அந்த முறையிலேயே சொல்லிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வசந்தத்தில் யூகானின் பனிக்கட்டி எந்த நிமிடம் உடையும் என்று டாசன்காரர்கள் 1896 முதல் பந்தயம் கட்டிவருகிறார்கள். பனிமேல் நிற்கும் முக்காலியிலிருந்து கரையிலுள்ள கடிகாரத்துக்குக் கம்பி இழுத்திருப்பார்கள். பனி நகர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். அது நின்ற நேரத்தை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவன்